ஒரே குண்டாச் சோறு

திங்கட்கிழமை காலையில் மூன்றாவது மாடிக்கு ஏறும்போதெல்லாம் சுகந்திக்கு ஒரு சந்தேகம் வரும். ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்க்காத நேரத்தில் இந்தக் கட்டடத்துக்காரர்கள் கூடுதலாகச் சில படிகளைக் கட்டிவிடுகிறார்களோ என்று. திருப்பூரில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நன்றாகத்தான் இருப்பாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் பாட்டுக்கூட முணுமுணுப்பாள். பெருந்துறை தாண்டி, பைபாஸ் ஓரத்து வெள்ளைக் கட்டடத்தின் கேட்டுக்குள் நுழைந்ததும் உடம்பு நனைந்த துணிமூட்டையாகிவிடும். லிப்ட் நோயாளிகளுக்கு மட்டும். கூட இருப்பவர்களுக்குத்தான் கால் இருக்கிறதே, அதனால் படி.

இந்தச் சோர்வுக்கு அவள் பெரிதாகக் காரணம் தேடியதில்லை. கணவன் பூபதியை ஆடி மாதம் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள், இப்போது மாசி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையை விட்டுவிட்டு, வாரம் முழுக்க ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துப் படுப்பவளுக்கு அலுப்பு வராமல் என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் வீட்டுக்குப் போவாள். அங்கே மகள் மிதுனா நிறைமாதமாக உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள், தாயோ ஆஸ்பத்திரியில். பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துக்கொண்டாள்.

நேற்றும் போயிருந்தாள். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் விட்டுப் பிசைந்து, மகளுக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் வழித்துத் தின்றாள். சாப்பிட்ட கையோடு மிதுனா கண்ணைச் சொருகினாள்.

"நீ வந்தீன்னா எனக்கு ஒரே தூக்கமா வருதும்மா. வாரமெல்லாம் நல்லாத்தான் இருக்கேன்."

"வயித்துல புள்ள இருந்தா அப்படித்தான் கண்ணு. தூங்கு சாமி" என்றாள் சுகந்தி. அவளுக்கோ நேர்மாறாக இருந்தது. வீட்டைக் கழுவிவிட்டு, துணி துவைத்து, பரண் வரைக்கும் தூசி தட்டினாள். அலுப்பே இல்லை. நம் வீடு என்றால் நம் வீடுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வார்டுக்குள் நுழைந்ததும் பூபதியின் கட்டில் பேசிக்கொண்டிருந்தது. இப்போது எல்லா ஆஸ்பத்திரியிலும் கட்டில் பேசுகிறது. "பூபதி அவர்களே, தயவுசெய்து இடப்பக்கம் திரும்பிப் படுங்கள்" என்றது அது, நல்ல பெண் குரலில்.

"எனக்குத் தெரியும், மூடு" என்றான் பூபதி. கம்பெனி வேன் ஓட்டியவன். வழி சொல்லும் கருவியோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவன், கட்டிலை மட்டும் சும்மா விடுவானா? ஆனால் குரலில் பழைய காரம் இல்லை.

"வந்துட்டியா அம்மிணி" என்றார் எதிர்க் கட்டில் மாரப்பன். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். "நேத்துப் பூரா ஒடம்பு ஒரு நெலையில இல்ல. ஞாயித்துக்கெழமைன்னாலே இதே ரோதனையாப் போச்சு."

திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். தெரசா டீச்சர் திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இந்த ஆஸ்பத்திரிச் சாம்பார்ல என்னத்தைப் போடறாங்களோ தெரியலை சுகந்தி. உன் கைச் சோறு இறங்குனாத்தான் உசிர் வருது."

சுகந்திக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதில் தப்பில்லை. வேறு யாரும் அவளை அந்த மாதத்தில் பாராட்டவில்லை.

எட்டுப் பேர் அந்த வார்டில். எல்லோரும் வேறு ஆஸ்பத்திரிகள் கைவிரித்தவர்கள். பூபதிக்குக் கணையத்தில் கட்டி, மாரப்பனுக்கு நுரையீரலில், டீச்சருக்கு மார்பில் ஆரம்பித்து எலும்பு வரைக்கும். 'சேர்ப்பு மருந்து' என்று ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்து, இவர்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். கட்டியை எரிக்கவில்லை, அறுக்கவில்லை. தயிர் மாதிரி புளிப்பாக ஒன்றைக் காலையும் மாலையும் குடிக்கக் கொடுத்தார்கள். அதற்குள் உயிருள்ள நுண்ணுயிர்கள், அவரவர் உடம்புக்கென்று தனித்தனியாகப் பழக்கியவை. அதனால்தான் அவரவர் சாப்பாடும் பேர் ஒட்டிய தனிப் பொட்டலத்தில் வரும். ஒருவர் உணவை ஒருவர் தொடக் கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியும் இருந்தது.

எழுதியவர் யாரோ, இந்த ஊர்ப்பக்கம் வளர்ந்தவராக இருக்க முடியாது. வந்த புதிதில் ஒருநாள் சாயங்காலம் தெரசா டீச்சர் தனியாக உட்கார்ந்து, பேர் ஒட்டிய பொட்டலத்தைப் பிரித்து, சுவரைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள். பார்க்க வர நாதியில்லாதவள். சுகந்திக்கு அது பொறுக்கவில்லை. மறுநாள் கூட இருப்பவர்களுக்கான சமையலறையில் ஒரு குண்டா நிறைய அரிசிம்பருப்பு ஆக்கிக்கொண்டு வந்தாள். எட்டுப் பேரையும் வட்டமாக உட்காரவைத்து, பிசைந்து, ஆளுக்கொரு உருண்டையாகக் கையில் போட்டாள். மருந்து குடிக்கிற வாய்கள். பாதி உருண்டைக்கு மேல் இறங்காது. மீந்ததை மறுபடியும் குண்டாவிலேயே வாங்கிப் போட்டுப் பிசைந்து, பசிக்கிறவர்களுக்கு இன்னொரு சுற்று. கடைசியில் ஒட்டியிருப்பதை வழித்து அவள் வாயில் போட்டுக்கொள்வாள். சோற்றைக் கொட்ட அவளுக்கு மனசு வராது. நர்ஸ் பார்த்தும் பாராமல் போவாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

மருந்து வேலை செய்தது. எட்டுப் பேருக்கும் கட்டி கரைந்தது. வார்டில் கேக் வெட்டினார்கள். பொங்கலுக்கு முன்னால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் யாருக்கும் புரியவில்லை. வீடு போய்ச் சேர்ந்த மறுநாளே மாரப்பனுக்கு மூச்சு வாங்கியது. டீச்சரை யாரோ மயங்கிக் கிடக்கப் பார்த்துத் தூக்கி வந்தார்கள். ஒவ்வொருவராக ஆம்புலன்சில் திரும்பி வந்தார்கள். பூபதி மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தான். அப்புறம் அவனும் வந்தான். கட்டி எதுவும் திரும்ப வரவில்லை. வார்டில் பழையபடி எல்லோரும் ஒன்றாகப் படுத்ததும், ஊசிகூடப் போடாமல், மறுநாள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்கள்.

அன்று மத்தியானம் டாக்டர் யாஸ்மின் சுகந்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கோயமுத்தூர்ப் பெண். மருந்தைக் கண்டுபிடித்த குழுவில் ஒருத்தி. கண்ணுக்குக் கீழே கருவளையம். இந்தக் கட்டடத்தில் அலுத்துப்போகாத ஒரே ஜீவன் அந்தக் கட்டில்தான் போலிருக்கிறது என்று சுகந்தி நினைத்தாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, இந்த வாரமாச்சும் அவரக் கூட்டிட்டுப் போலாமுங்களா? மகளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குதுங்க. அப்பன் மொகத்தப் பாக்கோணும்னு அழுகறா."

"உக்காருங்கக்கா. அதைத்தான் பேசணும்."

டாக்டர் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மேசையைத் தட்டினாள். பிறகு அடியிலிருந்தே தொடங்கினாள்.

"நம்ம உடம்புல இருக்கறது எல்லாம் அணுதான். அணுவுக்கு உசிர் கிடையாது. இந்த மேசையில இருக்கற அதே கரிதான் உங்ககிட்டயும் இருக்கு. அணு சேர்ந்து மூலக்கூறு. அதுக்கும் உசிர் கிடையாது. ஆனா அதெல்லாம் ஒரு மாதிரியாச் சேர்ந்து ஒரு செல் ஆகறப்போ உசிர் வந்துடுது. எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, வெளியில இருந்து எதுவும் வரலை. சேர்ந்த விதத்துலதான் இருக்கு."

"நூலுக்குச் சூடு கெடையாது, பனியனாப் பின்னுனாச் சூடு வருதே, அப்படீங்களா?"

"கிட்டத்தட்ட. அப்புறம் செல் சேர்ந்து தசை, நரம்பு. அது சேர்ந்து ஈரல், இதயம். அது சேர்ந்து நீங்க. ஒவ்வொரு படியிலயும் கீழ இருக்கறது தன் சொந்த ஆசையைக் கொஞ்சம் விட்டுக்குடுக்குது. கட்டிங்கறது வேற ஒண்ணுமில்லக்கா. தான் ஒரு உடம்புல இருக்கோம்ங்கறதை மறந்துட்ட செல். எங்க மருந்து அதைக் கொல்லாது. 'நீ தனி இல்ல, இந்த உடம்போட ஆளு'ன்னு ஞாபகப்படுத்தும்."

"நல்லதுதானுங்களே."

"நல்லதுதான். ஆனா எந்த உடம்புன்னு அது தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் தனித்தனி மருந்து, தனித்தனி சாப்பாடு." டாக்டர் நிறுத்தினாள். "நீங்க ஒரே குண்டாவுல பிசைஞ்சுட்டீங்க."

சுகந்தி வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எட்டுப் பேரோட நுண்ணுயிரும் எட்டுப் பேருக்குள்ளயும் போயிடுச்சு. மூச்சுல, வேர்வையில அதுக ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்குது. ஒரே கட்டடத்துக்குள்ள இருந்தாப் போதும். மருந்து ஒரு படி மேல ஏறிடுச்சு. அவங்க இப்போ எட்டுப் பேர் இல்ல. எட்டுக் கட்டில்ல படுத்திருக்கற ஒரே உடம்பு. டீச்சர் தூங்குனா எல்லாருக்கும் தூக்கம் வருது. மாரப்பன் ஐயாவுக்கு மூச்சு குறைஞ்சா மத்தவங்க ரத்தம் ஈடுகட்டுது. பிரிச்சு அனுப்பினோம், விழுந்துட்டாங்க."

"அப்ப நாந்தான் கெடுத்தனுங்களா?"

"கெடுத்தீங்களா, காப்பாத்துனீங்களான்னே எங்களுக்குத் தெரியலை. வேற ஊர்ல இதே மருந்தைத் தனித்தனியாச் சாப்பிட்டவங்கள்ல பாதிப் பேருக்குக் கட்டி திரும்பிடுச்சு. இங்க ஒருத்தருக்குக்கூட இல்ல." டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு மட்டும் இடிச்சுட்டே இருந்துச்சு. எட்டுப் பேரோட கசடையும் வடிகட்டற வேலையை யாரோ செய்யறாங்க. அந்த எட்டுப் பேர்ல அது யாருமில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் அந்த வேலை நடக்கலை. வீட்டுக்குப் போனவங்கள்ல பூபதி சார் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிச்சார். கூட யார் இருந்தாங்க?"

சுகந்தி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"ரத்தசோகைன்னு போன வாரம் உங்ககிட்ட ரத்தம் எடுத்தோம். பார்த்துட்டோம். அந்த உடம்புக்கு நீங்கதான்க்கா ஈரல்."

ஜன்னலுக்கு வெளியே பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இத்தனை மாத அலுப்பும் சுகந்திக்கு இப்போது ஒவ்வொன்றாகக் கணக்குக்கு வந்தது. படி, பாய், திங்கட்கிழமை. அவளுக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம்.

"என்னை ஒருத்தரும் கேக்கலைங்களே."

"உடம்புல எந்தச் செல்லையும் யாரும் கேக்கறதில்லைக்கா."

"நான் செல்லு இல்லைங்க டாக்டரம்மா. எனக்குப் பேரு இருக்குது."

டாக்டர் தலைகுனிந்தாள். "உங்களுக்கு நோய் கிடையாது. அதனால உங்களை மட்டும் வெளிய எடுத்துடலாம். ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டாப் போதும், பழையபடி ஆயிடுவீங்க."

"அவுங்க?"

"ஈரல் இல்லாம எந்த உடம்பும் தாங்காதுக்கா" என்றாள் டாக்டர். பிறகு மேசையில் இருந்த காகிதத்தை எடுத்தாள்.

"வேற யாருக்காவது உங்க கையால ஊட்டிவிட்டிருக்கீங்களா? வீட்டுல?"

மிதுனாவின் சொருகிய கண்கள் சுகந்திக்கு முன்னால் வந்து நின்றன. ஆமாம் என்று சொன்னால் மகளையும் இங்கே கொண்டுவந்து ஒன்பதாம் கட்டிலில் போட்டுவிடுவார்கள். "இல்லீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் வழக்கம்போலக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு போனாள். எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவள் பிசையவில்லை. டாக்டர் சொன்னதை எல்லாம், ஒரு வாரம் மாத்திரை உட்பட, அப்படியே சொன்னாள்.

ஒரு கட்டில் மட்டும் "சாப்பிடும் நேரம்" என்றது.

மாரப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் வாழ்ந்து முடிச்சவன் தாயி. என்னைப் பாக்காத. நீ போ."

"நீ போ புள்ள" என்றான் பூபதி. "மக பக்கத்துல ஒருத்தராச்சும் இருக்கோணும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான்.

மற்றவர்களும் அதையே முணுமுணுத்தார்கள். தெரசா டீச்சர் மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் சொன்னாள். "எனக்குச் சாகப் பயமா இருக்கு சுகந்தி. இத்தனை பேரும் போன்னு சொல்றாங்க. எனக்கு வாய் வரமாட்டேங்குது. மன்னிச்சுக்கோ."

போ என்றவர்கள்மேல் வராத அன்பு சுகந்திக்கு அந்த நேரத்தில் டீச்சர்மேல் வந்தது. யாராவது ஒருவர் உண்மையைச் சொன்னார்களே என்று இருந்தது. அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மகளை விட முடியாது. இவர்களை விட முடியாது. தூக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அவளால் இனி எதையும் யோசிக்கக்கூட முடியவில்லை. அப்படி யோசிக்க முடியாமல் கிடந்தபோதுதான் அந்தச் சாதாரண விஷயம் தட்டுப்பட்டது. சேர்ந்து இருக்க வேண்டும் என்றுதானே டாக்டர் சொன்னாள்? இங்கேதான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லையே. ஈரலுக்குக் கால் இருக்கிறது.

"நான் மக பிரசவத்துக்குப் போறேன்" என்றாள். "நீங்க எல்லாருங் கெளம்புங்க."

டாக்டர் யாஸ்மின் முதலில் முடியவே முடியாது என்றாள். பிறகு மேலே யார் யாரிடமோ பேசினாள். கடைசியில் மறுநாள் காலை ஆஸ்பத்திரி வேனில் ஆக்சிஜனும் மருந்துப் பெட்டியும் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "உங்க கையால வெளியாள் யாருக்கும் ஒரு பருக்கைகூடக் குடுக்கக் கூடாது. மகளுக்கும்தான்." சுகந்தி தலையாட்டினாள். பூபதி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊத்துக்குளி வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று வழி முழுக்க உயிரை வாங்கினான்.

திருப்பூரில் அது சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. மிதுனாவுக்குக் காலையிலேயே வலி கண்டு, பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து சேர்த்திருந்தாள். ஓசூரில் வேலை பார்க்கும் மருமகன் கிஷோர் விடிந்ததும் புறப்பட்டு வந்து, வராந்தாவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தான். பின்னாலேயே எட்டு நோஞ்சான்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்து நர்ஸ் கத்தினாள்.

"பிரசவத்துக்கு ஊரையே கூட்டிட்டு வருவீங்களா? யார் இவங்க எல்லாம்?"

"எங்க ஒறம்பரைங்க. சொந்தக்காரங்க" என்றாள் சுகந்தி.

மிதுனாவை உள்ளே கூட்டிப்போகும் முன், அவள் எட்டுப் பேருக்கென்று சோறு அடைத்து அம்மா கையில் தூக்கி வந்திருந்த தூக்குப்போசியைப் பார்த்தாள். "ஒரு வாய் ஊட்டும்மா. பசிக்குது."

சுகந்தியின் கை தானாகவே மூடியைத் திறக்கப் போனது. டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். "கை நல்லால்ல கண்ணு. உள்ள நர்ஸம்மா கஞ்சி தருவாங்க."

மிதுனாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஊரில் யார் யாருக்கோ ஊட்டிய கை. அந்த முகத்தோடு அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. சுகந்திக்கு அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

மத்தியான வெயில் வராந்தாவில் நீண்டது. உள்ளேயிருந்து அலறல் வரும் என்று சுகந்தி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் பிரசவத்தில் அவள் போட்ட கூச்சலுக்குத் தெருவே கூடியது. இங்கே சத்தமே இல்லை. அவளுக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு வந்தது. வேனில் உட்கார்ந்து வந்ததால் இருக்கும் என்று நினைத்தாள். விட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தது, இன்னும் இறுக்கமாக.

"என்னடா இது" என்று பூபதி பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "இடுப்பு வெடிக்குது."

சுகந்தி திரும்பிப் பார்த்தாள். மாரப்பன் தூணில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தெரசா டீச்சர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். எட்டுப் பேருக்கும் நெற்றியில் வேர்வை. பிடிப்பு விட்டதும் எட்டுப் பேரும் ஒருசேர நிமிர்ந்தார்கள். டாக்டர் யாஸ்மின் எழுந்து நின்றாள். அவள் கண் எட்டுப் பேரையும் பார்த்து, சாத்தியிருந்த கதவைப் பார்த்து, சுகந்தியிடம் வந்து நின்றது.

"அக்கா, இல்லைன்னு சொன்னீங்களே."

"ஞாயித்துக்கெழமை" என்றாள் சுகந்தி. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "வாராவாரம் ஊட்டுனனுங்க." வீட்டில் தான் பரணைத் துடைத்த தெம்பெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. வயிற்றுப் பிள்ளையோடு அந்தப் பெண் அம்மாவின் அலுப்பைப் பாதி வாங்கிக்கொண்டு தூங்கியிருக்கிறது.

அடுத்த வலி வந்தபோது அவர்கள் யாரும் எதையும் மறைக்கவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை பெறாத தெரசா டீச்சர், பேரன் எடுத்த மாரப்பன், வேன் ஓட்டிய பூபதி, எல்லோரும் அந்த வராந்தாவில் மூச்சைப் பிடித்து முக்கினார்கள். கிஷோர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பைத்தியக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அவன் ஒருவனுக்குத்தான் அங்கே எந்த வலியும் இல்லை.

உள்ளே குழந்தை அழுதது.

நர்ஸ் வெளியே வந்தாள். "பொம்பளப் புள்ளைங்க. இந்த மாதிரித் தலைப்பிரசவம் நான் பாத்ததே இல்ல. ஏதோ கால் சுளுக்குன மாதிரி மொணகுச்சு, அவ்வளவுதான். உங்க பொண்ணு குடுத்துவெச்சவ."

வராந்தாவில் யாருக்கும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. பூபதி அழுதுகொண்டே சிரித்தான். தெரசா டீச்சர் தரையிலேயே உட்கார்ந்து, தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கிஷோர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முகம் பூரித்திருந்தது. "அஞ்சாம் மாசம் கூட்டிட்டுப் போயிடறேனுங்க அத்தை. ஓசூர்ல பெரிய வீடாப் பாத்துட்டேன்."

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. சுகந்தி எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அணுவில் ஆரம்பிக்கத் தெரியாததால் குண்டாவில் ஆரம்பித்தாள்.

"மிதுனாவுக்கு நோய் இல்ல. கொழந்தைக்கு வந்திருந்தா அதையும் எடுத்துரலாமாம். ஒரு வாரம் மாத்திரைதான். அப்பறம் நீங்க ஓசூருக்குப் போலாம், எங்க வேணும்னாலும் போலாம். நான் பாத்துக்கறேன். இத்தன நாளு நான் ஒருத்திதான இழுத்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "என்னை யாருங் கேக்கல மாப்பள. அவளை நானுங் கேக்கல. அது தப்பு. உங்களைக் கேக்கறேன். நீங்க போய் அவளைக் கேளுங்க."

கிஷோர் வெகுநேரம் எட்டுப் பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். மாரப்பன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். அவர் தலை பூபதியின் தோளில் இருந்தது. கிஷோர் எழுந்து உள்ளே போனான்.

டாக்டர் யாஸ்மின் மருந்துப் பெட்டியிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்துத் தயாராகப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

அவன் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. மாத்திரைப் பட்டையைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"கொழந்தைக்கு மட்டும் குடுத்து எடுத்துரச் சொல்றா அத்தை. அது வளந்து கேக்கற வயசு வந்தப்பறம் அதை நாம கேக்கலாமாம்."

"அவ?"

"அம்மா தனியா இழுத்தது போதும்னு சொல்றா." அவன் சுகந்தியின் காலடியில், எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த அதே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஓசூர் வீட்டை ஒருமுறை நினைத்திருப்பான் போல, பெருமூச்சு வந்தது. பிறகு உள்ளங்கையை நீட்டினான். "காலைல இருந்து சாப்பிடலைங்க அத்தை. என்ன சோறு?"

டாக்டர் எழுந்தாள். பிறகு வார்டு நர்ஸ் மாதிரியே, பார்த்தும் பாராமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அரிசிம்பருப்புத்தான் சாமி" என்றாள் சுகந்தி. தூக்குப்போசியின் மூடி இறுகிப்போயிருந்தது. அதைத் திறக்கக்கூட அவள் கையில் வலு இல்லை. கிஷோர்தான் திறந்து கொடுத்தான்.